காக்காவிடம் சொன்னது

உட்லண்ட்ஸில் சனிக்கிழமை காலை என்றால் ஊரில் பாதி ஜோகூருக்குப் போகிற வரிசையில் நிற்கும். மீதிப் பாதியின் பிள்ளைகளில் கொஞ்சம் பேர் எங்கள் தமிழ்க் கதை நேரத்துக்கு வருவார்கள். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும். முடிந்ததும் வாசலில் செருப்பை மாட்டிவிட்டபடியே அப்பாவோ பாட்டியோ கேட்பார்கள், "எப்படிடா இருந்துச்சு?" பிள்ளை நிமிராமலே சொல்லும், "ஓகே லா." கேட்டவருக்கு அது போதும். 912 பேருந்து வந்துவிடும், ஓட வேண்டும்.

கதை சொன்னவளுக்கு அது போதாது. அந்த ஓகே லாவுக்குள் என்னதான் இருக்கிறது? நன்றாக இருந்ததா, பசித்ததா, பக்கத்தில் உட்கார்ந்தவன் கிள்ளினானா, எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிறோமே என்ற நிம்மதியா? பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே இதைத் தெரிந்துகொள்ள என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். இப்போதும் செய்கிறேன்.

என் சின்ன வயதில் இந்தக் கேள்வியே கிடையாது. 1980களின் தொடக்கம். அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை, எங்களுக்கு மார்சிலிங்கில் வீடு. புளோக்குக்குக் கீழே மணல் கொட்டிய விளையாட்டிடம். அங்கே சறுக்குமரம், ஊஞ்சல், தொங்கிக்கொண்டு போக ஒரு கம்பி வளைவு, அவ்வளவுதான். தோ பாயோவில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே டிராகன் இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வேலைபார்த்த கோர் இயன் கீ வடிவமைத்து 1979இல் வந்தது அது. வண்ண ஓட்டுத்துண்டுகள் பதித்த பெரிய தலை, முதுகெலும்பாக இரும்பு வளையங்கள். தலைக்குள் ஏறிச் சறுக்கி இறங்குவதற்குத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். நாங்கள் சறுக்கில் கீழிருந்து மேலே ஏறுவோம், தலையின் மேல் உட்கார்ந்து ஐஸ் தின்போம், வளையத்தில் தலைகீழாகத் தொங்குவோம். அதில் நாங்கள் செய்த வேலைகளில் பாதி, செய்யக்கூடாத வேலைகள்.

எங்கள் புளோக்கின் மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகள் அதிகம் குதிக்கிறார்களோ அந்த இடம் பள்ளமாகிவிடும். ஊஞ்சலுக்குக் கீழே பள்ளம், சறுக்குமரம் முடிகிற இடத்தில் பள்ளம், பிறகு எந்த விளையாட்டுச் சாமானும் இல்லாத ஒரு மூலையில் காரணமே தெரியாமல் ஒரு பெரிய பள்ளம். அது நாங்கள் கல்லிலிருந்து குதிக்கிற இடம். அவ்வப்போது ஒருவர் வந்து மண்வெட்டியால் மணலைச் சமன் செய்துவிட்டுப் போவார். மார்சிலிங் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அந்த ஒருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவரை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். 1990களில் மணலை எடுத்துவிட்டு ரப்பர் தரை போட்டார்கள். சுத்தம், முழங்கால் கிழியாது, எல்லாம் சரிதான். ஆனால் ரப்பரில் பள்ளம் விழாது.

பெரியவர்கள் பிள்ளைகளைக் கேட்கவே மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அம்மாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது சின்னம்மாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பாட்டி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்றுபோலவே கட்டி அம்மன் காலடியில் போட்டாயிற்று. எடுக்க ஒரு குழந்தை வேண்டும். நான் சிங்கப்பூரிலிருந்து வந்த குழந்தை, ஊர் வம்பு எதுவும் தெரியாதவள், என்னைவிடப் பொருத்தமான கை வேறு எது? எடுத்தேன். வெள்ளை வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளையை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் என் பங்கு முறுக்கையும் சேர்த்துத் தின்றிருந்தார். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்த முறுக்குதான் ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்பவை. 30 குடும்புகள், அதாவது ஊரின் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். உறுப்பினராக வருகிறவருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக்கூடாது, நிலம் இருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும். இத்தனை நிபந்தனையும் போட்டுவிட்டு, குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்க மட்டும் ஏதும் அறியாத ஒரு சிறுவனைத் தேடுகிறது அந்தச் சபை. மேடைக்கு மேடை நாம் பெருமை பேசுகிற குடவோலையில் குழந்தைக்குக் கிடைத்த இடம் இது. கையை நம்பியிருக்கிறார்கள், எதுவும் தெரியாத கை என்பதற்காக. வாய்க்கு அங்கே வேலை இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது, எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சாங்கி விமான நிலையக் கழிவறையில் கை கழுவிவிட்டுத் திரும்பினால் சுவரில் ஒரு திரை. சுத்தம் செய்கிறவரின் படம், கீழே சிரிப்பிலிருந்து சிடுசிடுப்பு வரை முகங்கள். என் மகள் சின்னவளாக இருந்தபோது அந்தத் திரைக்குப் போட்டி போட்டு ஓடுவாள். அழுத்துவது எப்போதும் சிடுசிடு முகத்தை. கழிவறை பளபளவென்று இருக்கும், பாவம் அந்த அம்மா அப்போதுதான் துடைத்துவிட்டு நிமிர்ந்திருப்பார். ஏன்டி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் ரொம்பத் தெளிவாக வந்தது. சிரிக்கிற முகத்தை அழுத்தினால் நன்றி சொல்லி முடிந்துவிடும். கோபமான முகத்தை அழுத்தினால்தான் இன்னொரு பக்கம் வரும். தரை ஈரமா, நாற்றமா, தாள் இல்லையா என்று குட்டிக் குட்டிப் படங்கள் வரும். அதிலும் அழுத்தலாம்.

இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கு அது கருத்துக் கேட்கும் கருவி. அவளுக்கு அது இரண்டு நிலை உள்ள ஒரு விளையாட்டு.

முகங்களை வைத்துக் குழந்தைகளைக் கேட்கிற தாள்களில் பெயர்பெற்ற ஒன்று பிறந்த இடம் சிரிப்பான இடமல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், டல்சா நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், டோனா வோங், கோனி பேக்கர் என்ற இரண்டு பெண்கள் வேலைபார்த்தார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று எண்ணால் சொல்லச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு வரவில்லை. வெறும் வட்டங்களைக் கொடுத்து முகம் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்துப் பார்த்து ஆறு முகங்கள் உருவாயின. ஒரு கோடியில் சிரிப்பு, மறுகோடியில் கண்ணீர். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர்களில் இன்று தொங்குகிற படம் அதுதான். அதற்கும் மறுப்பு வந்தது. வலி இல்லாத குழந்தை சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அழாத குழந்தைக்கு வலியில்லை என்று எப்படிச் சொல்வது? 2001இல் வெளிவந்த இன்னொரு முக வரிசையில் சிரிப்பையும் எடுத்துவிட்டார்கள், கண்ணீரையும் எடுத்துவிட்டார்கள். பார்க்க அழகில்லாத முகங்கள். ஆனால் யோசித்துச் செய்தவை.

நானும் முகத்தாள் அச்சடித்தேன். வரிசையாக ஐந்து வட்டம். பிடித்த முகத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். எல்லாரும் பெரிய சிரிப்பைத் தீட்டினார்கள். ஒருவன் மட்டும் ஐந்தையும் தீட்டினான், அவனிடம் ஐந்து கிரேயான் இருந்தது. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில், மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் ஜேனட் ரீடும் ஸ்டுவர்ட் மெக்ஃபார்லேனும் 2000களின் தொடக்கத்திலேயே இதைச் சந்தித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கான கணினி விளையாட்டுகள் எப்படி என்று குழந்தைகளையே கேட்க ஐந்து முகம் கொண்ட ஒரு அளவுகோல் செய்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எதைக் காட்டினாலும் 'பிரமாதம்' முகத்தையே தொட்டார்கள். அதனால் அவர்கள் இன்னொரு தாளும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் முகமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: மறுபடி செய்ய ஆசையா? ஆமாம், இருக்கலாம், இல்லை.

அதைப் படித்தபோது அட்மிரல்டி பூங்காதான் நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 27 ஹெக்டேர், 2017இல் புதுப்பித்துத் திறந்தபோது மேட்டைச் செதுக்கி 26 சறுக்குமரங்கள் வைத்தார்கள். வளைந்தது, நெளிந்தது, குழாய்க்குள் போவது, உருளைகள் மேல் போவது. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் காதில் விழுகிற ஒரே சொல், எல்லா மொழியிலும், "இன்னொரு தடவை." தமிழில், மலாயில், சீனத்தில், ஆங்கிலத்தில். ஒரு குழந்தை ஒரு சறுக்கில் ஒரே தடவை போய்விட்டு, அடுத்த முறை அதன் பக்கமே திரும்பாமல் ஓடுகிறது பாருங்கள், அதைவிடக் கறாரான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் படிக்க முடியாது. கேட்டால் அந்தக் குழந்தையும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்லும்.

ஏன் அப்படிச் சொல்கிறது? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கேட்கிறவர் முகம். குழந்தை நம் கேள்வியைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்க்கிறது. அங்கே எந்தப் பதிலுக்கான எதிர்பார்ப்பு இருக்கிறது என்று படித்து அதை எடுத்துக் கொடுக்கிறது. அதற்குப் பொய் என்று பெயர் வைக்கக்கூடாது. நல்ல பிள்ளையாக இருப்பதற்கு நாமே கொடுத்த பயிற்சி அது. 1980இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் இருவரும் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அர்த்தமே இல்லாத கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். பால் தண்ணீரைவிடப் பெரியதா? சிவப்பு மஞ்சளைவிடக் கனமா? கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்லிவிட்டார்கள், காரணத்தோடு. இதை நான் எங்கள் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். "பால்தான் பெரிசு டீச்சர். அதுல மைலோ போடலாம்."

பெரியவர் கேட்டால் பதில் இருந்தே ஆக வேண்டும் என்று நம்புகிற பிள்ளையிடம் போய் "கதை பிடிச்சுதா?" என்று கேட்டு என்ன பிரயோசனம்? நம் முகத்தை எங்காவது ஒளித்து வைத்தால்தான் ஏதாவது நடக்கும். விளையாட்டு அதற்குத்தான் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் குஷியாக இருக்கட்டும் என்பதற்காக வண்ண வண்ணமாக ஏதோ செய்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். குஷி வந்தால் நல்லது. ஆனால் வேலை அது இல்லை.

பல்லாங்குழிப் பலகை அப்படி வந்ததுதான். தேக்காவில் காய்கறி வாங்கப் போன இடத்தில், நடுவில் கீல் வைத்து மடிக்கிற மரப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. கூடவே ஒரு பை சோழி. பெரிய சோழியாகப் பார்த்து எடுத்தேன். புளியங்கொட்டைதான் வழக்கம், ஆனால் கூட வருகிற தம்பி தங்கைகள் எதையும் வாயில் போட்டுக்கொள்வார்கள், மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். ஒரு பக்கத்து ஏழு குழிகளுக்கு மேலே ஏழு படம் ஒட்டினேன். கதை, படம் வரைவது, கைப்பொம்மை, எழுத்து விளையாட்டு, நொறுக்குத்தீனி, பாட்டு, விடுகதை. ஆளுக்கு ஐந்து சோழி. பிடித்ததில் போடலாம், எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டாலும் சரி, பங்கு பிரித்தாலும் சரி. நான் அந்தப் பக்கம் திரும்பி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

முதல் பெண் ஐந்தையும் நொறுக்குத்தீனியில் கொட்டிவிட்டுப் போனாள். நேர்மையானவள். அடுத்து வந்த பையன் ஒவ்வொரு குழியிலும் ஒன்றொன்றாக வைத்துக்கொண்டே வந்தான். ஐந்து தீர்ந்துவிட்டது, குழி இரண்டு மிச்சம். என்னிடம் வந்து இன்னும் இரண்டு சோழி கேட்டான். எதுக்குப்பா என்றேன். "பாட்டுக்கும் விடுகதைக்கும் இல்ல. பாவம்ல?"

அவனை என்ன கணக்கில் சேர்ப்பது? யாருக்கும் குறை வைக்கக்கூடாது என்று நினைக்கிற பிள்ளையின் ஓட்டு எந்தப் பட்டியலிலும் அடங்காது. நம் கேள்வியே அவனுக்கு ஏற்புடையதாக இல்லை. ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தச் சொல்கிறோம், அவன் மாட்டேன் என்கிறான். இரண்டு சோழி கொடுத்தேன். அந்த வாரக் கணக்கு கோணலாகத்தான் போயிற்று.

பலகையில் இன்னொரு சங்கடம். குழிகள் திறந்திருந்தன. ஏற்கெனவே நிறைந்த குழியைப் பார்த்து அதிலேயே போடுகிறார்கள், கூட்டம் கூடுகிற கடையில் நாம் சாப்பிடப் போவதில்லையா, அதுபோல. அதனால் மூடிய பாத்திரமாக வேண்டும் என்று தோன்றியது. பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் கரும்புக்கட்டோடு சின்ன மண்பானைகளும் குவித்து வைத்திருப்பார்கள். வாய் குறுகலாக இருப்பவையாகப் பார்த்து வாங்கினேன். கைதான் உள்ளே போகும், கண் போகாது. சிவப்பு வழித்தட ரயிலில் ஒரு பெரிய துணிப்பையில் பானைகளோடு உட்கார்ந்து உட்லண்ட்ஸ் திரும்பியபோது உத்திரமேரூர்ச் சபையார் என்னைப் பார்த்துத் தலையாட்டுவதாக எனக்கு ஒரு கற்பனை.

சபையாருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மண்பானைக்குள் சோழி விழுந்தால் சத்தம் வரும். எல்லாப் பானைக்கும் ஒரே சத்தம் வராது. 'எழுத்து விளையாட்டு' என்று ஒட்டியிருந்த பானைக்கு அபாரமான கணீர். அன்றைக்கு எழுத்து விளையாட்டு அமோக வெற்றி. பக்கத்தில் நின்ற தொண்டூழியர் ஒருவர், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தின் மீது இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்தே போய்விட்டார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லாப் பானையிலும் அடியில் துணி மடித்துப் போட்டேன். எழுத்து விளையாட்டு தன் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

விளையாட்டு ஒரு அளவைத் தாண்டினால் கேள்வியைத் தின்றுவிடும். கழிவறைத் திரையிலும் இதுதான் நடந்தது. இப்போது சில இடங்களில் பிள்ளைகளுக்காக வைக்கிற கருத்துக்கேட்புத் திரைகளில் முகத்தைத் தொட்டால் நட்சத்திரம் பறக்கிறது, யானை ஆடுகிறது. எந்த முகத்தைத் தொட்டால் யானை வரும் என்பதைத்தான் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். வடிவமைத்தவரின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன், அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் என்னிடம் காட்டாதீர்கள்.

காக்காப் பொம்மை வந்தது இன்னொரு வழியில். பியாஜே என்ற பெரிய மேதை குழந்தைகளிடம் செய்த சோதனை ஒன்று எல்லாப் பாலர் கல்விப் பாடத்திலும் வரும். இரண்டு வரிசையில் சமமாக வில்லைகள். ஒரு வரிசையை மட்டும் நம் கையால் நெருக்கியோ பரப்பியோ வைத்துவிட்டு, இப்போதும் இரண்டும் ஒன்றா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் இல்லை என்பார்கள். 1974இல் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பெரியவர் கலைக்கவில்லை, ஒரு போக்கிரிக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டது. நான்கிலிருந்து ஆறு வயது வரை 80 பிள்ளைகள். பெரியவர் கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில், கரடி கலைத்தபோது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். டீச்சர் மெனக்கெட்டு எதையாவது செய்தால் அதற்கு அர்த்தம் இருக்கும், பதில் மாற வேண்டும்போல என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. கரடி விஷமத்துக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

கறுப்புக் காலுறையில் இரண்டு பொத்தான் தைத்தேன். ஒரு சாம்பல் நிறக் கழுத்துத் துணி. பிள்ளைகள் பார்த்தவுடன் "காக்கா!" என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது. கதை நேரத்தில் அது துண்டுக்குள் தூங்கும். எல்லாம் முடிந்த பிறகு எழுந்திருக்கும். ஐயோ, கதை போச்சே, யாராவது சொல்லுங்களேன் என்று கெஞ்சும். பிள்ளைகள் சொல்லுவார்கள். எதைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. நான் மூச்சுப்பிடித்துச் சொன்ன இடங்கள் பல அவர்கள் சொல்கிற கதையில் இருக்காது. பிறகு காக்கா ஒரு கேள்வி கேட்கும்: "எந்த இடத்துல நான் தூங்கியிருந்தா நஷ்டமில்ல?"

ஒரு ஏழு வயதுக்காரி தயங்கவே இல்லை. "டீச்சர் கதைய நிப்பாட்டிட்டுக் கேள்வி கேப்பாங்கல்ல, அப்ப தூங்கலாம்."

என் கைதான் உள்ளே இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் பொத்தான் கண்ணைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொருத்தி ஒரு நாள் காக்காவின் காதுக்கு, அதாவது அதற்குக் காது இருக்க வேண்டிய இடத்துக்கு, வாயைக் கொண்டுபோய் ரகசியமாகச் சொன்னாள்: "ஏர்கான் நேரா தலையில அடிக்குது. டீச்சர்ட்ட சொல்லிடாத." ஜமுக்காளத்தை நான்கு அடி நகர்த்திப் போட்டோம். கதையின் நடுவில் நெளிகிற பிள்ளைகள் அதன்பிறகு அவ்வளவாக நெளியவில்லை. கதையில் என்ன குறை என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த நாட்களில் குறை கூரையில் இருந்திருக்கிறது.

கூரை என்றதும் பிள்ளைகள் கீழேயிருந்து எடுத்த சில படங்கள் ஞாபகம் வருகின்றன. அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இருவர் 2001இல் எழுதிய முறை ஒன்று உண்டு. பிள்ளை கையில் கேமராவைக் கொடு, அது தன் இடத்தைச் சுற்றிக்காட்டட்டும், படம் எடுக்கட்டும், வரைபடம் போடட்டும், எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார் என்பது. நான் வீட்டில் கிடந்த பழைய கைப்பேசியைக் கொடுத்தேன். உட்லண்ட்ஸில் உனக்குப் பிடித்த இடம், பிடிக்காத இடம். வந்த படங்களில் முக்கால்வாசி முழங்கால், இடுப்பு, கைப்பை, நாய். நாம் வாழ்கிற ஊர் வேறு, மூன்றடி உயரத்தில் இருக்கிற ஊர் வேறு. ஒரு பையன் மின்தூக்கியின் பொத்தான்களை எடுத்திருந்தான். கீழே இருந்து எடுத்ததால் மேல் வரிசை எண்கள் மங்கலாக, எட்டாத உயரத்தில் தெரிந்தன. இது பிடிச்ச இடமா பிடிக்காத இடமா என்று கேட்டேன். அவன் வீடு பதினான்காவது மாடி. ஒன்பது வரை அவனுக்கு எட்டும். யாரும் வராவிட்டால் ஒன்பதில் இறங்கி மீதியைப் படியேறுவானாம். "எட்டுனதும் பிடிக்கும்," என்றான்.

பாவம்ல என்று சொன்ன பையனும் இவனும் ஒருவன்தான். அதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்பதை உலக அளவில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1989இல் ஐநா நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, அதில் 12ஆவது பிரிவு: குழந்தையைப் பாதிக்கிற விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் 1995இல் சேர்ந்தது. 1992இல் ரோஜர் ஹார்ட் என்பவர் யூனிசெஃபுக்காக ஒரு ஏணிப்படம் போட்டார். பிள்ளைகள் பங்கேற்பதாகச் சொல்லப்படுவதில் எட்டுப் படிகள். கீழே இருக்கிற மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்கிறார். அதில் இரண்டாவது படிக்குப் பெயர் அலங்காரம். பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை போட்டு, கையில் பதாகை கொடுத்து, பாடவோ ஆடவோ விடுவது. எதற்காக நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நம் தமிழ் நிகழ்ச்சி மேடைகளைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்பாவாடையோடு இரண்டு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்ட பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

எல்லாக் காலத்திலும் அப்படி இருந்துவிடவில்லை என்பதற்கு எங்கள் பெரியப்பா சாட்சி. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசில் 1950களில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எழுதுவார்கள், அச்சில் வரும். பின்னாளில் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தில் பெயர் வாங்கிய பலர் அங்கே கை பழகியவர்கள். பெரியப்பா எழுத்தாளர் ஆகவில்லை, துறைமுகத்தில் கணக்கு எழுதினார். ஆனால் அவர் அனுப்பிய ஒரு சின்னக் கடிதம் அச்சாகி, பெயரோடு வந்த தாளைக் கடைசிவரை பீரோவில் வைத்திருந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் முழுதாகச் சொல்ல வராது. "போட்டாங்கம்மா, நான் எழுதுனதைப் போட்டாங்க," என்பார். எழுதியது போய்ச் சேர்ந்தது என்பதுதான் அவருக்குச் செய்தி.

சோழி, பானை, காக்கா எல்லாவற்றிலும் இந்தக் கடைசித் துண்டு எனக்கு நெடுநாள் கைவரவில்லை. பிள்ளைகள் போட்டார்கள், நான் எண்ணினேன், மாற்ற முடிந்ததை மாற்றினேன். அவர்களுக்குத் தெரியாது. ஐந்தையும் நொறுக்குத்தீனியில் கொட்டிய அந்த நேர்மையான பெண்தான் ஒரு சனிக்கிழமை இடுப்பில் கைவைத்துக் கேட்டாள், "நான் போட்டேனே, அதுக்கு என்ன ஆச்சு?"

அதன்பிறகு வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டுகிறோம். பெரிய எழுத்தில், பக்கத்திலேயே படத்தோடு, பிள்ளைகள் கண் உயரத்தில். பெரியவர்கள் குனிந்து படித்துக்கொள்ளட்டும். நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, எங்களால் முடியாதது என்று மூன்று கட்டம். ஏர்கான்: ஜமுக்காளம் நகர்ந்தது. கேள்வி: கதை முடிந்த பிறகுதான். நொறுக்குத்தீனி: முறுக்கு மட்டும், ஆளுக்கு இரண்டு. விடுகதை: தொடரும், ஒருவர் பாவப்பட்டதால். முடியாதது என்ற கட்டத்தை எழுதும்போது தொண்டூழியர்களில் சிலருக்குத் தயக்கம், பிள்ளைகள் மனம் ஒடிந்துவிடுமே என்று. நான் பிடிவாதமாக எழுதினேன். உண்மையில் அதிகம் கூட்டம் கூடுவது அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான். முடியாது என்றால் ஏன் என்று பேரம் பேச ஒரு இடம் கிடைக்கிறதே.

போன மாதத் தாளில் அந்தக் கட்டத்தில் ஒரே வரி: கதைக்கு நிஜக் குரங்கு கொண்டுவருவது. காரணமும் எழுதியிருந்தேன், குரங்கு காட்டில் இருக்க வேண்டியது என்று. ஆறு வயதுக்காரி ஒருத்தி அதைப் பாட்டியைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். காட்டிலிருந்து பிடித்து வரச் சொல்லவில்லையாம். மண்டாய் பக்கம் சாலையோரத்தில் தானாகவே உட்கார்ந்திருக்கிறதாம், அப்பாவின் காரிலிருந்து அவள் பார்த்திருக்கிறாளாம், ஒரு வாழைப்பழம் காட்டினால் வந்துவிடுமாம். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் இங்கே அபராதம் என்றேன். யோசித்தாள். பழத்தைக் காட்டுவதுதானே, கொடுக்கப்போவதில்லையே என்கிறாள். காக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்கியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.